ராக்காயி பேரில் பாப்பா

கோலாலம்பூர்
14 மார்ச் 1979

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் மாணவர்கள் நால்வரும் சனிக்கிழமை மாலையே வந்து சேர்ந்துவிட்டோம். அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறு தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் தீர்ந்துபோயிற்று. ஒன்பது நாள் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து ஆள்வரவு எழுதும் செக்ரோல் புத்தகங்களைப் பார்த்து எழுதிய களைப்பு எங்கள் யாருக்கும் இன்னும் போகவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து கணக்கெழுதும் கிராணியாரின் கிறுக்கலை வாசித்துக் காட்டியிராவிட்டால் பாதிப் பெயர்கள் விளங்கியிருக்காது. ஆட்களை வேலை வாங்கும் ஒரு மண்டோருக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காட்டில் நீங்கள் போடும் சத்தத்தைக் கேட்டவன்தானே நான்.

“டாக்டருன்னு சொல்லிக்கிறே, ஒரு ஊசி போடத் தெரியலயேடா” என்று அக்கா கேலி செய்தாள். அவளிடம் சொல்லுங்கள், நான் ஊசி போடுகிற டாக்டர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். ஒரு பெண்ணுக்கு ஏன் கரு கலைந்தது என்று அவளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. முந்நூறு பேரை எண்ணிப் பார்த்தால் சொல்லலாம். உயிர்ப் புள்ளியியல் என்று கரும்பலகையில் எழுதியவுடனே மருத்துவ மாணவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. இந்த ஆய்வு அவர்களை விழிக்க வைக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று தோட்டங்கள், நான்கு வருடங்கள். களைக்கு மருந்தடிக்கும் பெண்கள் ஒரு பக்கம். நாற்று நர்சரியிலும் வெளிக்காட்டிலும் வேறு வேலை செய்பவர்கள் மறுபக்கம். யார் எந்த வேலை என்பது செக்ரோலிலிருந்து. யாருக்குக் கரு தங்கியது, தங்கவில்லை என்பது மருந்து கட்டும் டிரெசர் வைத்திருக்கும் தோட்ட ஆஸ்பத்திரிப் புத்தகத்திலிருந்து. பெண்களையே நேரில் கேட்டால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். வேண்டாம் என்றேன். மனித நினைவு தவறும், அன்றன்று எழுதப்பட்ட பதிவேடு தவறாது. 

கம்ப்யூட்டரில் பஞ்ச் கார்டுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்ததில் ஒன்று எனக்குப் புரியவில்லை. மருந்தடிக்கும் பெண்கள் எல்லோரும் முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள். வயது கூடினால் கரு கலைவதும் கூடவேண்டும். இங்கே குறைந்திருக்கிறது. நர்சரியில் இருக்கும் இளம்பெண்களுக்குத்தான் அதிகம். தோட்டத்தில் எனக்குத் தெரியாத வழக்கம் ஏதாவது உண்டா? பதினோரு வயதில் ஈப்போவுக்குப் படிக்கப் போனவன் நான். சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள்.

அக்கா மகளாயிற்றே, ஆனாலும் பாப்பாவிடம் ஓர் ஆறுதல் வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை என்றால் இருபத்தொரு வயதுப் பெண் எப்படித் தாங்குவாள்? மாமா கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கார்த்திகேசு

*

ஆத்தோரத் தோட்டம், இரண்டாவது டிவிஷன்
சிலிம் ரிவர்
2 ஏப்ரல் 1979

மாப்பிள்ளைக்கு உடையப்பன் எழுதுவது.

உன் கடுதாசி கிடைத்தது. நீ கேட்ட கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். வழக்கம் என்று புதிதாக ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் தலைமை ஆபீசிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பொம்பிளைகளை மருந்துக்கு அனுப்பக் கூடாது, முப்பத்தைந்து தாண்டியவர்களைப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்படி மானேஜர் பேர்களை மாற்றினார். அதைத்தான் நீ புத்தகத்தில் பார்த்தாய். புத்தகத்தில் இருப்பது ஆபீஸ் எழுதியது. அதில் குற்றம் சொல்ல நான் யார்?

கிழவிகளுக்கு உரம் பாய்ந்த உடம்பு. உன் மாணவர்கள் நாலு நாள் பெரட்டுக்கு வந்து நிற்கட்டும், தெரியும். விடியக்காலை ஐந்தரைக்கு ஆளெடுக்கும் களத்தில் தலையை எண்ணுவதற்குள் எனக்கே முதுகு விட்டுப்போகிறது.

உன் அக்கா நல்லம்மாள் உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்றாள். எழுத வேண்டாம் என்று நான்தான் நிறுத்திவிட்டேன். பொம்பிளை பேச்சு. நீ வரும்போது அவளே சொல்லட்டும். பாப்பா எழுந்து வேலைக்குப் போகிறாள். அவள் புருஷன் சீனி, லோரி ஓட்டப் போய்வருகிறான். வீட்டில் இருந்தால் அழுதுகொண்டே இருக்கிறாள், வேலைக்குப் போவதே மேல்.

உடம்பைப் பார்த்துக்கொள். இத்தனை படித்தும் இன்னும் கல்யாணத்துக்கு வழி பண்ணவில்லை என்று உன் அக்கா தினமும் என்னைத்தான் ஏசுகிறாள்.

உடையப்பன்

*

கோலாலம்பூர்
23 நவம்பர் 1980

அன்புள்ள மச்சானுக்கு,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். ஆய்வு முடிந்து கட்டுரையும் அச்சாகிவிட்டது. தோட்ட நிர்வாகங்களும் அதிகாரிகளும் சேர்ந்த குழுவிடம் போன மாதம் அறிக்கையைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அடுத்த வருடம் எனக்குப் பேராசிரியர் பதவி வரும் என்று துறைத் தலைவர் சொல்கிறார்.

முடிவு இதுதான். மருந்தடிப்பதற்கும் கரு கலைவதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. மருந்தடிக்கும் பெண்களுக்கு இழப்பு மற்றவர்களைவிடக் குறைவு. இது ஏன் என்று முதலில் குழம்பினேன், உங்களுக்கும் எழுதினேன். உரம் பாய்ந்த உடம்பு என்று நீங்கள் எழுதியதுதான் வழி காட்டியது. கடின வேலைக்குத் திடமான பெண்களைப் பொறுக்கி எடுப்பதால் அவர்களுடைய நலம் பொதுவாகவே மேலாக இருக்கும். இப்படி நடப்பது எங்கள் துறையில் பலரும் கண்ட விஷயம். அறிக்கையில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

பாப்பாவிடம் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. அவள் நர்சரியில் இருப்பவள். மருந்துக்கும் அவளுடைய இழப்புக்கும் சம்பந்தமே கிடையாது. அடுத்த பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்.

அன்புடன்,
கார்த்திகேசு

*

ஆத்தோரத் தோட்டம்
11 ஜனவரி 1981

மாப்பிள்ளே,

நீ எழுதிய அறிக்கையிலிருந்து ஒரு பக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் அடித்து, கண்ணாடி போட்டு, பெரட்டுக் களத்தில் மாட்டியிருக்கிறார்கள். அடியில் உன் பேர், உன் பட்டம் எல்லாம் இருக்கிறது. போன திங்கள்கிழமை மானேஜர் அதை வாசிக்கச் சொல்ல, கிராணியார் வாசித்தார். “நம்ப நல்லம்மா தம்பி எழுதினதுலா, அவரே சொல்லிட்டாரு மருந்துல ஒண்ணும் இல்லேன்னு” என்று சனம் பேசிக்கொண்டது. அன்றைக்கே முகத்துணி, கையுறை கொடுப்பதை நிறுத்தினார்கள். தலைசுற்றுது, வேறு வேலை கொடுங்கள் என்று கேட்கப் போனவள் இருளாயி. அவளைக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “படி” என்றார்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

இதற்கு மேல் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. நீ அன்றைக்குக் கேட்டாயே, தெரியாத வழக்கம் உண்டா என்று. உண்டு. நான்தான் பொய் எழுதினேன்.

புத்தகத்தில் மருந்துக்குப் பேர் போட்டிருக்கும் பொம்பிளைகள் மருந்து அடிக்கவில்லை. முதுகில் மாட்டும் மருந்து டாங்கி நாலு கேலன். அதைத் தூக்கிக்கொண்டு முப்பத்தாறாம் நம்பர் காட்டு மேட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை ஏற ராக்காயிக்கோ கருப்பம்மாளுக்கோ முடியுமா? ஒருத்தருக்கு மூட்டு வலி, ஒருத்தருக்கு இழுப்பு. அன்றைக்கு அளந்து கொடுத்த மலை முடியாவிட்டால் கூட்டம் முழுவதற்கும் ஆள்கணக்கு விழாது, கூலியும் கிடையாது. ஆள்கணக்கு குறைந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள். அதனால் அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். பெரட்டில் அவரவர் பேருக்கு அவரவர் கை தூக்குவார்கள். ஸ்டோருக்குப் பின்னால் போனதும் மாறிக்கொள்வார்கள். நர்சரிக்குப் பேர் போட்ட சின்னப் பெண் டாங்கியை எடுப்பாள், மருந்துக்குப் பேர் போட்ட பெரியவள் நர்சரிக்குப் போய் நாற்றுப் பையில் மண் நிரப்புவாள். யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நான் மண்டோர், எல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்துத் தோட்டங்களிலும் இப்படித்தான்.

நீ ஒன்பது நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகக் கேட்டாய். நான் வாசித்துச் சொன்னேன். சொன்ன ஒவ்வொன்றும் பொய். வெளியில் தெரிந்தால் எல்லோருக்கும் வேலை போகும் என்று பயந்தேன்.

பாப்பா ராக்காயி பேரில் மருந்து அடிக்கிறாள். கல்யாணமான மாதத்திலிருந்து. டாங்கியை அவள் முதுகில் ஏற்றிவிட்டதே நான். இப்போது மறுபடியும் ஐந்து மாதம். அந்தக் காகிதத்தைத் திருப்பி எடு மாப்பிள்ளே. காலில் விழுந்து கேட்கிறேன்.

உடையப்பன்

*

கோலாலம்பூர்
17 ஜனவரி 1981

மச்சான்,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். ஒன்றும் நடத்தாமல் திரும்பி வந்தேன்.

எப்படி உங்களால் முடிந்தது? நான் வேறு எவனோ அல்லவே, உங்கள் மனைவியின் தம்பி. என் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உரம் பாய்ந்த உடம்பு என்று எழுதினீர்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதினேன். உங்களை மட்டும் ஏசிப் பயனில்லை. தோட்டத்தில் பிறந்தவன் நான். நாற்பது வயதுப் பெண் அந்த மேட்டில் டாங்கியோடு ஏறுவாளா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை, ஏனென்றால் விடை ஏற்கெனவே அழகாக இருந்தது.

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அதில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஆனால் எந்த எண் யார் என்று என்னிடம் இருக்கிறது. பாப்பாவின் இரண்டு பிள்ளைகளும் மருந்தடிக்காதவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். மருந்தில்லாமலே கலைகிறது பார் என்பதற்குச் சாட்சியாக அவர்களை நான் நிற்க வைத்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கே சொல்லியும் அனுப்பினேன்.

அறிக்கையைத் திரும்பப் பெற முடியும். ஆனால் உங்கள் கடிதம் போதாது. யார் யாரோடு மாறினார்கள், எந்த வருடத்திலிருந்து, இவை பட்டியலாக வேண்டும். உங்கள் கையெழுத்தும் அந்தப் பெண்களின் கையெழுத்தும் வேண்டும். உடனே அனுப்புங்கள். அதற்கு முன்னால், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, பாப்பாவை மருந்திலிருந்து எடுங்கள்.

கார்த்திகேசு

*

ஆத்தோரத் தோட்டம்
8 பிப்ரவரி 1981

டாக்டர் கார்த்திகேசு அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட பட்டியலைத் தர என்னால் முடியாது.

பத்தொன்பது ஜோடி இருக்கிறது. அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது ஆபீசை ஏமாற்றினோம் என்று நாங்களே எழுதிக் கொடுப்பது. நாளைக்கே லயத்தைக் காலி பண்ணச் சொல்வார்கள். போவதற்கு எங்களுக்கு வேறு வீடு இல்லை. தாங்கள் தவறு செய்தால் ஒரு காகிதம் மாறும். மறுநாள் வகுப்புக்குப் போவீர்கள்.

பாப்பாவை எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன். ராக்காயி தன் பேருக்குத் தானே டாங்கியைத் தூக்கினாள். இரண்டாம் நாள் மேட்டில் உருண்டு, மருந்து முழுக்க அவள் மார்பில் கொட்டியது. காட்டு வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் வந்து, “ஏன் இவ்ளோ நாள் விழாதவ இன்னிக்கு விழுறா?” என்று என்னைக் கேட்டார். மறுநாள் பாப்பா என்னிடம் கேட்காமலே டாங்கியை எடுத்துக்கொண்டாள். “எனக்காக அந்தம்மா சாகணுமாப்பா?” என்றாள். தங்களுக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

தங்கள் அக்காள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தங்களோடும் பேசமாட்டாளாம்.

ப. உடையப்பன்

*

ஆத்தோரத் தோட்டம்
29 மார்ச் 1981

மாப்பிள்ளே,

பாப்பாவுக்கு ஏழாவது மாதத்தில் செத்துப் பிறந்தது. ஆண். ரத்தம் நிற்கவில்லை என்று ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். சீனி கையெழுத்துப் போட்டான். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், நல்லம்மாள் கூட இருக்கிறாள். இருபத்து மூன்று வயது.

நேற்று பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். ராக்காயி வந்தாள். மார்பில் இன்னும் புண் ஆறவில்லை. “பட்டியல் எழுதுய்யா. ஏம்பேரு மொத பேரா இருக்கட்டும்” என்றாள். அவளுக்குப் பின்னால் இருளாயி வந்தாள், கருப்பம்மாள் வந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. பாப்பாவைத் தவிர பத்தொன்பது ஜோடியும் வந்து ஸ்டோர் மையில் விரலை வைத்துவிட்டுப் போனார்கள். முப்பத்தேழு கைநாட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் பாப்பா பேரை நானே எழுதினேன். அடியில் என் கையெழுத்து. இதோடு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தப் பேர்கள் தோட்டத்து ஆபீஸ்காரர்கள் கண்ணில் படக் கூடாது. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தாளைக் கிழித்துப் போடு. அவர்களிடம் நான் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உடையப்பன்

*

கோலாலம்பூர்
20 ஜூன் 1981

அன்புள்ள மச்சானுக்கு,

பாப்பாவைப் பார்க்க ஈப்போவுக்கு வந்தேன். நீங்கள் அன்று தோட்டத்தில் இருந்தீர்கள். அவள் என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா எழுந்து கட்டில் திரையை இழுத்துவிட்டாள். வார்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பட்டியலை வைத்து உங்கள் தோட்டத்தின் கணக்கை மட்டும் மறுபடி போட்டேன். இந்த முறை பஞ்ச் கார்டு இல்லை, கையாலேயே. உண்மையில் மருந்து அடித்தவர்களுக்கு முப்பத்து நான்கு கர்ப்பம், அதில் பதினான்கு கலைந்திருக்கிறது. அடிக்காதவர்களுக்கு எழுபது, அதில் ஆறு. இதை நிரூபிக்க எந்தச் சூத்திரமும் தேவையில்லை. ஒரு பள்ளிப் பிள்ளை பார்த்துச் சொல்லும்.

குழுவிடம் போனேன். முதலில் பெயர்களுக்குப் பதில் எண் போட்ட நகலைத்தான் கொடுத்தேன். தலைவர் அதைத் தள்ளி வைத்தார். மூலப் பத்திரம் இல்லாத பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நீங்களே வகுப்பில் இதை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். ஏற்றுக்கொள்ளமாட்டேன், அது உண்மை. மூலத்தைக் கொடுத்தால் குழுவைத் தாண்டிப் போகாது என்றார். மேசைமேல் கையை வைத்துச் சொன்னார்.

மச்சான், கொடுத்துவிட்டேன். உங்களிடம் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு வாரம் பொறுத்தால் என்ன ஆகியிருக்கும் என்று வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. இருபது வருடமாக மூலப் பத்திரம், மூலப் பத்திரம் என்று பாடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கை தானாக நீண்டுவிட்டது.

ரகசியமாக வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள்.

கார்த்திகேசு

*

லகாட்
4 செப்டம்பர் 1981

கார்த்திகேசு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்தால் புரிந்திருக்கும். ஜூலை பத்தாம் தேதி மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தத் தாள் இருந்தது. நகல் இல்லை, நாங்கள் எழுதியதே. ராக்காயியின் விரல் நடுங்கி மை இழுபட்டிருக்கும், அந்த இழுப்பைப் பார்த்தேன். “இது உன் கையெழுத்துதானே?” என்றார். ஆமாம் என்றேன்.

எனக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. மற்றவர்களுக்கு ஒரு மாத நோட்டீஸ். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளுமாகப் பல ஜோடி இருந்ததால் மொத்தம் பன்னிரண்டு குடும்பம். எல்லோரும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஏசினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. இருளாயிதான், “நீ வாக்குக் கொடுத்தியே அண்ணே” என்று ஒருமுறை கேட்டாள். கருப்பம்மாள் குடும்பம் தெலுக் இந்தான் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போயிற்று. அங்கேயும் மருந்து வேலைதான். ராக்காயிக்குப் போக இடமில்லை, எங்களோடு கூட்டிவந்துவிட்டோம். ஈயம் தோண்டிய பழைய லம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீடு. நான் ஒரு மரக்கிடங்கில் காவலாக இருக்கிறேன். சீனி இங்கே வரவில்லை. அவன் அம்மா அவனுக்கு வேறு பெண் பார்க்கிறாளாம்.

உனக்கு அந்தத் தாள் பத்திரம். எங்களுக்கு அது முப்பத்தெட்டு ஆள். இதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றால் நீ படித்த படிப்பு என்ன படிப்பு?

இனி எழுதாதே.

உடையப்பன்

*

கோலாலம்பூர்
12 டிசம்பர் 1982

மச்சானுக்கு,

எழுதாதே என்றீர்கள். போன வருடம் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன், வாசிக்காவிட்டாலும் சரி.

அந்தத் தாளை யார் கைமாற்றினார்கள் என்று விசாரித்தேன். தலைவர் பதில் சொல்லவில்லை. குழுவின் முடிவு மட்டும் வந்தது. பட்டியல் ஏற்கப்படவில்லை. காரணம் இரண்டு. எழுதியவர் ஆய்வாளரின் நெருங்கிய உறவினர், அதுவும் தன் வீட்டில் ஒரு துக்கம் நடந்த பிறகு எழுதியவர். இரண்டாவது காரணத்துக்கு அவர்கள் என் அறிக்கையிலிருந்தே ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். “நினைவிலிருந்து எழுதப்படும் பட்டியலைவிட அன்றன்று எழுதப்பட்ட பதிவேடே நம்பத்தக்கது.” அதை நான் எவ்வளவு ரசித்து எழுதினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது.

பட்டியல் பொய் என்பதால் அறிக்கை நிற்கிறது. பட்டியல் உண்மை என்பதால் உங்களை வேலையிலிருந்து விலக்கினார்கள். ஒரே தாள். இதை நான் அவர்களிடமே கேட்டேன். அது வேறு துறை என்றார்கள்.

கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதி, என் முடிவு தவறு என்று ஆறு வரி போட வைத்தேன். கடைசிப் பக்கத்தில், ஒரு கருத்தரங்க அறிவிப்புக்குக் கீழே வந்தது. அதை வாசித்ததாக ஒருவர்கூட எனக்கு எழுதவில்லை. பழைய கட்டுரையை மேற்கோள் காட்டி மட்டும் வெளிநாடுகளிலிருந்து கடிதம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அது தவறு என்று பதில் எழுதுகிறேன்.

பேராசிரியர் பதவியும் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லை. இப்போது முதல் வருட மாணவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் பாடமாக நடத்துகிறேன், எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு. யாரும் கொட்டாவி விடுவதில்லை. போன வாரம் பின்வரிசையில் ஒரு பெண், “சார், அந்தப் பொம்பளைங்க இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது உங்கள் விலாசம் ஒன்றுதான். தெரியாது என்று சொல்லிவிட்டுப் பலகையை அழித்தேன்.

அக்காவைப் பார்க்க வேண்டும். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். பதில் வந்தால் வருவேன்.

கார்த்திகேசு

*

லகாட்
19 பிப்ரவரி 1984

மாப்பிள்ளைக்கு,

நல்லம்மாள் எழுதச் சொன்னாள். ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான்தான் பேனாவை எடுக்கவில்லை. நீ வரலாம். அவளுக்குச் சர்க்கரை வியாதி, ஒரு கண் சரியாகத் தெரியவில்லை. “இருக்கிறவன் ஒரே தம்பி, அவனையும் புதைக்கச் சொல்றியா?” என்று கேட்கிறாள். பாப்பா ஈப்போவில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்கிறாள். வந்தால் உன்னோடு பேசுவாள் என்று நான் வாக்குத் தரமாட்டேன். வாக்குத் தருவதை நான் விட்டுவிட்டேன்.

ராக்காயி போன மாதம் இறந்துபோனாள். சாகும்வரை இருமல். புருஷனைப் புதைத்த இடத்திலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதனால் ஆத்தோரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். மானேஜர் மாறிவிட்டார். புதைப்பதற்கு மறுப்புச் சொல்லவில்லை, ஆனால் உள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்.

மண் தள்ளிவிட்டு மற்றவர்கள் கிளம்பிய பிறகு நான் மட்டும் முப்பத்தாறாம் நம்பர் வழியாக நடந்தேன். மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. எல்லாம் இந்தோனேசியாவிலிருந்து கொந்திராக்டர் கொண்டுவந்த பெண்கள். நமக்காவது செக்ரோலில் தப்பான இடத்தில் பேர் இருந்தது. இவர்களுக்கு எந்தப் புத்தகத்திலும் பேர் கிடையாது, டிரெசர் புத்தகத்திலும் கிடையாது. நோய் வந்தால் கொந்திராக்டர் லோரியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவானாம், அவள் திரும்பி வருவதில்லையாம். உன்னைப் போல ஒருத்தர் மறுபடியும் வந்தால் எதைப் பார்த்து எண்ணுவார்?

அதில் ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, டாங்கியை இறக்கி வைத்துவிட்டு மேட்டோரம் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதம் இருக்கும். முகத்துணி இல்லை, காலில் சப்பாத்து இல்லை. பக்கத்தில் போய், தெரிந்த மலாயில், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைத் தொடாதே அம்மா, விஷம் என்றேன். அவள் சிரித்தாள். “தாக் அப்பா, பாக். டொக்டோர் இந்தியா சூடா பிலாங்” என்றாள். ஒன்றும் செய்யாது ஐயா, இந்திய டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டார் என்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்று கொந்திராக்டர் எல்லோரையும் பெரட்டுக் களத்துக்குக் கூட்டிப்போய், அந்தக் கண்ணாடிக் காகிதத்தைக் காட்டிச் சொன்னானாம். “அவரு இந்தத் தோட்டத்துலயே பொறந்தவராம், பொய் சொல்ல மாட்டாராம்” என்றும் சொன்னாள்.

அந்த டாக்டர் சொன்னது தப்பு, அவரே தப்பு என்று எழுதிவிட்டார் என்றேன். “எழுதினாரா? எங்கே?” என்று கேட்டாள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குள் மேலேயிருந்து மண்டோர் சத்தம் போட்டான். அவள் டாங்கியை எடுத்தாள். தனியாக ஏற்ற முடியவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பின்னால் நின்று அவள் முதுகில் ஏற்றிவிட்டேன்.

உடையப்பன்